திருகோணமலையில் இருந்தபடி தொலைக்கல்வியில் பட்டம்: சேர்வதற்கு முன் இதைப் படியுங்கள்

வேலையை விட முடியாது, பிள்ளைகளை விட்டுவிட்டுக் கொழும்பில் போய் இருக்கவும் முடியாது, ஆனால் பட்டம் ஒன்று கட்டாயம் வேண்டும். திருகோணமலையில் இப்படி இருக்கிறவர்கள் நிறையப் பேர். உவர்மலையிலிருந்து குச்சவெளி வரைக்கும் எந்த அலுவலகத்துக்குப் போனாலும், மேசை லாச்சிக்குள் மொடியூல் வைத்திருக்கிற ஒருவரைக் காணலாம். பாதியில் விட்டவர்களையும் காணலாம். ஏன் விட்டீர்கள் என்று கேட்டுப் பாருங்கள், பாடம் விளங்கவில்லை என்று சொல்கிறவர்கள் குறைவு. ஒப்படைக்கு (அசைன்மென்ட்) முடிவுத் திகதி போய்விட்டது, காசு கட்டின துண்டைக் காணவில்லை, பரீட்சை மட்டக்களப்பில் என்பது முதல் நாள்தான் தெரிந்தது, லீவு கிடைக்கவில்லை, இப்படித்தான் கதை வரும்.

நானும் வேலைக்குப் போய்க்கொண்டுதான் படித்து முடித்தேன். அதனால் இந்தக் கட்டுரையில் எப்படிப் படிப்பது என்பதைவிட ஆவணம், காசு, திகதி பற்றித்தான் அதிகம் இருக்கும். புத்தகத்தைப் படிப்பது உங்களுக்குத் தெரியும்.

1. நீங்கள் சேரப்போவது எந்த வகை என்று முதலில் தெளிவாகுங்கள்

எல்லாவற்றையும் "எக்ஸ்டேர்னல்" என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம், ஆனால் உள்ளே வித்தியாசம் பெரியது.

இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் ஒரு வகை. தலைமை இடம் நாவலயில், பிராந்திய நிலையங்கள் மட்டக்களப்பு, யாழ்ப்பாணம், அனுராதபுரம், கண்டி போன்ற இடங்களில் இருக்கின்றன. அவர்களே பாடநூல் தருவார்கள், ஒப்படை தருவார்கள், இடையிடையே நேர்முக வகுப்பு வைப்பார்கள், தொடர் மதிப்பீட்டில் தகுதி பெற்றால்தான் இறுதிப் பரீட்சைக்கு விடுவார்கள். வருடம் முழுக்க ஏதாவது ஒரு திகதி உங்கள் பின்னால் நின்றுகொண்டே இருக்கும். உயர்தரம் சித்தியடையாதவர்களுக்கும் அடிப்படைக் கற்கை, உயர் சான்றிதழ் வழியாக உள்ளே போக வழி உண்டு. இது பலருக்குத் தெரியாது. ஏ.எல். சரிவரவில்லை என்று பத்து வருடமாக வீட்டில் இருக்கிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

இரண்டாவது வகை வெளிவாரிப் பட்டம். கிழக்குப் பல்கலைக்கழகம், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம், பேராதனைப் பல்கலைக்கழகம் போன்றவை நடத்துவது. இங்கே பல்கலைக்கழகம் முக்கியமாக உங்களைப் பதிவு செய்யும், பரீட்சை வைக்கும். கற்பித்தல் என்பது ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் ஒவ்வொரு அளவு. மிச்சத்தை நீங்களோ டியூஷன் சேரோ பார்த்துக்கொள்ள வேண்டும். பொதுவாக உயர்தரத்தில் 3 பாடச் சித்தி கேட்பார்கள். விண்ணப்பம் எப்போதும் திறந்திருக்காது, பத்திரிகையிலும் இணையத்தளத்திலும் அறிவித்தல் வரும்போதுதான் போட வேண்டும். கணினிப் பக்கம் போக விரும்புகிறவர்களுக்குக் கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியின் வெளிவாரி தகவல் தொழில்நுட்பப் பட்டம் இருக்கிறது, அது ஆங்கில மொழிமூலம்.

மூன்றாவது, தனியார் நிறுவனம் வழியாக வெளிநாட்டுப் பட்டம். அதற்கு அடுத்த படியைக் கவனமாகப் படியுங்கள்.

எது நல்லது என்று என்னைக் கேட்டால், தானாக உட்கார்ந்து படிக்கிற பழக்கம் விட்டுப்போனவர்களுக்குத் திறந்த பல்கலைக்கழகம்தான் பொருந்தும், ஏனென்றால் அது உங்களைச் சும்மா இருக்க விடாது. ஆசிரியராகவோ எழுதுவினைஞராகவோ இருந்துகொண்டு ஓரளவு பாடம் தெரிந்தவர்கள், பரீட்சைக் காலத்தில் மட்டும் மூச்சுப்பிடித்துப் படிக்கக்கூடியவர்கள், வெளிவாரிக்குப் போகலாம்.

மொழிமூலத்தையும் இப்போதே கேளுங்கள். "தமிழில் இருக்கிறது" என்று யாராவது சொன்னால், முதல் வருடம் மட்டுமா கடைசி வருடம் வரைக்குமா, பாடநூலும் தமிழிலா அல்லது விடை எழுத மட்டும் தமிழா என்று திருப்பிக் கேளுங்கள். விஞ்ஞானம், பொறியியல் பக்கம் போனால் ஆங்கிலம்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2. அங்கீகாரம்: காசு கட்டுவதற்கு முன்பு, கட்டிய பிறகல்ல

அரச பல்கலைக்கழகம் என்றால் இந்தப் படியைத் தாண்டிப் போகலாம். தனியார் என்றால் நில்லுங்கள். உள்நாட்டில் பட்டம் வழங்குகிற தனியார் நிறுவனத்துக்கு 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தின் 25ஏ பிரிவின் கீழ் அனுமதி இருக்க வேண்டும். அந்த அனுமதி நிறுவனத்தின் பெயருக்கு மட்டும் இருந்தால் போதாது, நீங்கள் படிக்கப்போகிற அந்தப் பட்டநெறிக்கும் இருக்கிறதா என்று பாருங்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் என்றால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அதை ஏற்றுக்கொள்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். நிறுவனம் காட்டுகிற கடிதத்தின் போட்டோகொப்பி போதாது, நீங்களே கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று, படிப்புகளை மட்டம் மட்டமாக வகுத்திருக்கிற இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் உங்கள் படிப்பு எத்தனையாம் மட்டம் என்று கேளுங்கள். டிப்ளோமா 3, உயர் டிப்ளோமா 4, பொதுப் பட்டம் 5, சிறப்புப் பட்டம் 6. "டிகிரிக்குச் சமன்" என்று வாயால் சொல்வார்கள், மட்டத்தைக் கேட்டால் 4 என்று வரும். அரச வேலை, பதவி உயர்வு என்று போகும்போது வாய்வார்த்தை செல்லாது.

3. ஆவணங்கள்: இங்கேதான் அதிகம் பேர் மாட்டுகிறார்கள்

விண்ணப்பம் கோரப்படுகிற நாளில் ஓடத் தொடங்கினால் முடியாது. அறிவித்தலுக்கும் முடிவுத் திகதிக்கும் இடையில் சில வாரங்கள்தான் இருக்கும், அதற்குள் ஒரு போயா, ஒரு நீண்ட வாரஇறுதி, கூடவே மழை. ஆகவே படிக்கலாம் என்று மனதில் நினைத்த அன்றே ஒரு பைல் வாங்கிச் சேர்க்கத் தொடங்குங்கள்.

பொதுவாகக் கேட்பவை இவை:

- பிறப்புச் சான்றிதழ், தேவைப்பட்டால் ஆங்கில மொழிபெயர்ப்புடன்
- தேசிய அடையாள அட்டையின் பிரதி, இரண்டு பக்கமும்
- சாதாரண தர, உயர்தரப் பெறுபேற்றுச் சான்றிதழ்கள்
- கடவுச்சீட்டு அளவுப் படம்
- பெயர் மாறியிருந்தால் அதற்கான சத்தியக்கடதாசி அல்லது திருமணச் சான்றிதழ்
- வேலை செய்கிறவர்களுக்குச் சில கற்கைகளில் சேவைக் கடிதம்

பிறப்புச் சான்றிதழ் மடிந்து, கிழிந்து, மையழிந்து போயிருந்தால் புதுப் பிரதி எடுங்கள். இப்போது பல பதிவுகள் கணினியில் ஏறிவிட்டதால், பிறந்த ஊர் வேறாக இருந்தாலும் முதலில் பட்டணமும் சூழலும் பிரதேச செயலகத்திலோ உங்கள் பிரிவுக்குரிய செயலகத்திலோ கேட்டுப் பாருங்கள், அங்கேயே கிடைத்துவிடக்கூடும். இடப்பெயர்விலும் சுனாமியிலும் கடதாசி எல்லாம் போன குடும்பங்கள் நம் மாவட்டத்தில் எவ்வளவு என்று சொல்லத் தேவையில்லை. அவர்கள் இந்த வேலையை எல்லாவற்றுக்கும் முதல் வைத்துக்கொள்ளுங்கள். மொழிபெயர்ப்பைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம்தான் செய்விக்க வேண்டும். கொமியூனிகேஷன் கடையில் டைப் பண்ணித் தருவதை யாரும் ஏற்கமாட்டார்கள்.

பெறுபேற்றுச் சான்றிதழுக்கு இப்போது கொழும்புக்கு பஸ் ஏறத் தேவையில்லை, பரீட்சைத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் விண்ணப்பித்துக் காசும் கட்டலாம். சுட்டெண்ணும் பரீட்சை எழுதிய வருடமும் வேண்டும். சுட்டெண் மறந்துபோனால் படித்த பாடசாலையில் பழைய பதிவு இருக்கும், அதிபரிடம் போய்க் கேளுங்கள், பாடசாலை விடுமுறைக் காலத்தில் மட்டும் போகாதீர்கள்.

அடுத்தது பெயர். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு ஒரு தவணை இதிலேயே போனது. பிறப்புச் சான்றிதழில் பெயர் தமிழில் கையால் எழுதப்பட்டிருக்கும். ஓ.எல். விண்ணப்பத்தில் வகுப்பு ஆசிரியர் தனக்குத் தோன்றியபடி ஆங்கிலத்தில் எழுதி அனுப்பியிருப்பார். ஏ.எல். விண்ணப்பத்தை வேறு ஆசிரியர் நிரப்பியிருப்பார். தர்ஷினி என்றால் ஒன்றில் டி எழுத்துக்குப் பிறகு எச் இருக்கும், மற்றதில் இராது. அப்பாவின் பெயர் ஒரு இடத்தில் முழுதாக, இன்னொரு இடத்தில் ஓர் எழுத்தாக. பழைய அடையாள அட்டையில் ஆங்கிலமே இல்லை, புது அட்டை எடுத்தபோது மூன்றாவது விதமாக ஒன்று வந்துவிடும். இத்தனையும் ஒரே ஆள்தான் என்று நமக்குத் தெரியும், கருமபீடத்தில் இருப்பவருக்குத் தெரியாது. என் விண்ணப்பத்தை ஓர் எழுத்துக்காகத் திருப்பி அனுப்பினார்கள், அதுவும் முடிவுத் திகதி முடிந்த பிறகு, காரணத்தை ஒரு வரியில் எழுதி.

செய்ய வேண்டியது இதுதான். எல்லா ஆவணங்களையும் ஒரே மேசையில் பரப்பி வைத்து, ஆங்கில எழுத்தை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால், இந்தப் பெயர்கள் எல்லாம் ஒருவரையே குறிக்கும் என்று ஒரு சத்தியக்கடதாசி முடியுங்கள். அதில் எல்லா விதமான எழுத்துக்கூட்டலும், எந்த ஆவணத்தில் எது என்பதும் வர வேண்டும். சமாதான நீதவான் முன்னிலையிலோ சத்தியப்பிரமாண ஆணையாளராக இருக்கிற சட்டத்தரணி முன்னிலையிலோ கையெழுத்து வையுங்கள். மூலப் பிரதியை யாரிடமும் கொடுக்காதீர்கள், உறுதிப்படுத்திய பிரதியைக் கொடுங்கள். கேட்டாலும் முதலில் பிரதியை நீட்டிப் பாருங்கள்.

அடையாள அட்டை இலக்கத்திலும் ஒரு பொறி இருக்கிறது. பழைய அட்டையில் 9 இலக்கமும் ஓர் எழுத்தும், புது அட்டையில் 12 இலக்கம். பதிவு செய்யும்போது எதைக் கொடுத்தீர்களோ அதையே வங்கித் துண்டு, ஒப்படை, பரீட்சை விண்ணப்பம் எல்லாவற்றிலும் எழுதுங்கள். இடையில் அட்டை மாற்றினால் எழுத்தில் அறிவியுங்கள்.

எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஜீமெயிலில் உங்களுக்கே ஒரு தடவை அனுப்பி வைத்துவிடுங்கள். போன் தண்ணீரில் விழுந்தாலும் ஆவணம் இருக்கும்.

4. காசு: பாடக் கட்டணத்தோடு கணக்கு முடியாது

கட்டணம் வருடத்துக்கு வருடம் மாறும், அதனால் இங்கே தொகை எழுதவில்லை, அந்த வருடத்து அறிவித்தலைப் பாருங்கள். ஆனால் தலைப்புகள் மாறாது. விண்ணப்பக் கட்டணம், அது திரும்பி வராது. பதிவுக் கட்டணம். பாடக் கட்டணம், பல இடங்களில் திறமைப்புள்ளிக் (கிரெடிட்) கணக்கில் வரும். நூலகம், வசதிகள், ஆய்வுகூடம் என்று சில்லறையாக வருபவை. பரீட்சைக் கட்டணம். மீளப் பரீட்சை எழுதினால் அதற்குத் திரும்பவும் கட்டணம்.

இதற்கு மேலே அறிவித்தலில் இல்லாத செலவு இருக்கிறது. பயணம், தங்குமிடம், சாப்பாடு, அச்சடிப்பு, டேட்டா, லீவு எடுத்த நாளின் சம்பளம். நேர்முக வகுப்புகள் வேறு மாவட்டத்தில் இருந்தால் இந்தச் செலவு பாடக் கட்டணத்தைத் தொட்டுவிடும், சிலருக்கு மிஞ்சியும் போகும். ஆகவே சேர்வதற்கு முன் வருடத்தில் எத்தனை தடவை வெளியூர் போக வேண்டி வரும் என்று அதே பாடநெறியில் இரண்டாம் வருடம் படிக்கிற ஒருவரைப் பிடித்துக் கேளுங்கள். அலுவலகத்தில் கேட்டால் விதியைச் சொல்வார்கள், படிக்கிறவரைக் கேட்டால் நடப்பதைச் சொல்வார்.

தவணை முறையில் கட்ட விடுகிறார்களா என்று விசாரியுங்கள், விட்டால் இரண்டாம் தவணைத் திகதியைப் போனில் அலாரமாகவே போட்டு வையுங்கள். வங்கியில் கட்டினால் துண்டில் உங்கள் பெயரும் இலக்கமும் சரியாக விழுந்திருக்கிறதா என்று கவுண்டரை விட்டு நகர முன்பே பாருங்கள். வங்கித் துண்டு அச்சு வெயிலில் இரண்டு மாதத்தில் வெளிறிவிடும், அன்றைக்கே படம் எடுத்து, ஒரு போட்டோகொப்பியும் அடித்துப் பைலில் போடுங்கள். "உங்கள் காசு வரவில்லை" என்று ஒரு நாள் சொல்வார்கள். அந்த நாளுக்காகத்தான் இவ்வளவும்.

5. எத்தனை பாடம் எடுப்பது: நேரக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்

இலங்கைத் தகைமைச் சட்டகப்படி ஒரு திறமைப்புள்ளி என்பது 50 மணி நேரக் கற்றல். வகுப்பு, வாசிப்பு, ஒப்படை, பரீட்சைக்குப் படிப்பது எல்லாம் சேர்த்து. முழு வருடச் சுமை 30 புள்ளி, அதாவது 1500 மணி நேரம். 52 வாரத்தால் பிரித்தால் வாரத்துக்கு ஏறக்குறைய 29 மணி. எட்டு மணி வேலை, வீட்டு வேலை, பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பது, கோவில், கலியாண வீடு, செத்த வீடு, இதற்கு மேலே 29 மணியா? 18 புள்ளிக்குப் பாடம் எடுத்தால் 900 மணி, வாரத்துக்கு 17 மணி சொச்சம். அது முடியும். காலை ஒன்றரை மணி நேரம் வீதம் ஐந்து நாள், சனி ஞாயிறு மிச்சம்.

பொதுப் பட்டம் 90 புள்ளி, சிறப்புப் பட்டம் 120. ஆகவே 18 புள்ளி வீதம் போனால் பொதுப் பட்டத்துக்கு ஐந்து வருடம். மூன்று வருடத்தில் முடிக்கலாம் என்று விளம்பரம் சொல்லும், வேலை செய்கிறவர் அதை நம்பி முதல் வருடம் எல்லாப் பாடத்தையும் எடுத்துவிட்டு இரண்டாம் வருடம் காணாமல் போவதை நான் பார்த்திருக்கிறேன். முதல் வருடம் குறைவாக எடுங்கள், யாரும் சிரிக்க மாட்டார்கள். ஆனால் அதிகபட்சம் எத்தனை வருடத்துக்குள் முடிக்க வேண்டும் என்ற எல்லையும் இருக்கும், அதையும் கேட்டு வையுங்கள்.

இரவில் படிப்பேன் என்று திட்டம் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வைகாசி, ஆனியில் கச்சான் காற்று அடிக்கிற நாட்களில் இரவு பத்து மணிக்கும் வீட்டுக்குள் அனல்தான், புத்தகத்தைத் திறந்தால் கண் சொருகும். அந்த மாதங்களில் விடியற்காலை நாலரைக்கு எழும்புவதுதான் சரி. பகலில் நேரம் கிடைத்தால் பொது நூலகத்துக்குப் போங்கள், வீட்டில் இருந்தால் யாராவது கூப்பிடுவார்கள்.

6. பதிவு செய்த அன்றே செய்ய வேண்டியவை

மாணவர் கைநூலைப் பரீட்சை விதி இருக்கிற பக்கத்திலிருந்து வாசியுங்கள். தொடர் மதிப்பீட்டுக்கு எத்தனை புள்ளி தேவை, எந்த ஒப்படை கட்டாயம், சுகமில்லாவிட்டால் மெடிக்கல் (வைத்தியச் சான்றிதழ்) எத்தனை நாளுக்குள் அனுப்ப வேண்டும், பாடத்தை விலக்கிக்கொள்ள முடிவுத் திகதி எது, இந்த நாலையும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். படிப்புக்கென்று தனி மின்னஞ்சல் வைத்துக்கொள்ளுங்கள். போன் நம்பரை மாற்றாதீர்கள், மாற்றினால் அறிவியுங்கள். அறிவித்தல் தபாலில் வீடு தேடி வரும் என்று காத்திருக்கிற காலம் போய்விட்டது.

உங்களுக்கு எந்த நிலையம் ஒதுக்கப்பட்டிருக்கிறது, நேர்முக வகுப்பும் பரீட்சையும் அங்கேயேதானா என்று கேளுங்கள். வகுப்பு ஒரு இடம், பரீட்சை வேறு இடமாக இருக்கலாம். மூதூர், கிண்ணியா, வெருகல் பக்கத்தவர்களுக்கு மட்டக்களப்பு வசதி, கந்தளாய்க்காரருக்கு அனுராதபுரமோ கண்டியோ கிட்டவாக இருக்கும், மாற்ற விடுவார்கள் என்றால் தொடக்கத்திலேயே எழுத்தில் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

7. ஒப்படையும் இணையமும்

முடிவுத் திகதி இரவு 11.59 என்று எல்.எம்.எஸ்.ஸில் (பல்கலைக்கழகத்தின் இணையவழிக் கற்றல் தளம்) போட்டிருந்தால், உங்கள் முடிவுத் திகதி அதற்கு இரண்டு நாள் முதல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி பிந்தித் தை வரைக்கும் நம் ஊரில் மழை, ஒரு பெருங்காற்று அடித்தால் கரண்ட் போகும், கரண்ட் போனால் டவரும் கொஞ்ச நேரத்தில் படுத்துவிடும். கடைசி இரவில் எல்லா மாணவரும் ஒன்றாக ஏறும்போது தளமும் இழுபடும். "கரண்ட் இல்லை" என்பதைக் காரணமாக எழுதிக் கொடுத்து நேரம் வாங்கினவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

பதிவேற்றிய பிறகு "சமர்ப்பிக்கப்பட்டது" என்று வருகிற திரையை, திகதியும் நேரமும் தெரிய ஸ்கிரீன்ஷொட் எடுங்கள். பிறகு அந்தக் கோப்பைத் திரும்ப இறக்கித் திறந்து பாருங்கள். போனில் எடுத்த படங்களைப் பிடிஎப் ஆக்கி அனுப்புகிறவர்களுக்கு அடிக்கடி நடப்பது, ஐந்தாம் பக்கம் தலைகீழாகப் போயிருக்கும், அல்லது பழைய பிரதி போயிருக்கும். கையால் எழுதித் தபாலில் அனுப்பச் சொன்னால் பதிவுத் தபாலில் அனுப்பி, துண்டை வைத்திருங்கள். அனுப்புவதற்கு முன் முழு ஒப்படையையும் படம் எடுங்கள்.

டேட்டா விஷயத்தில், பல பெக்கேஜ்களில் இரவு நேரத்துக்கென்று தனி டேட்டா இருக்கும், பகலில் அது வேலை செய்யாது. வகுப்புப் பதிவுகளையும் பெரிய கோப்புகளையும் அந்த நேரத்தில் இறக்கி வைத்துக்கொண்டு, பகல் டேட்டாவை சூம் வகுப்புக்கு விடுங்கள். வீட்டில் சிக்னல் சரியில்லை என்றால் வகுப்பு தொடங்க அரை மணி நேரம் முதல் நல்ல இடம் ஒன்றைத் தேடி வைத்துவிடுங்கள். சூமில் உங்கள் பெயரோடு பதிவு இலக்கத்தையும் போடுங்கள், வரவு எடுக்கிறவர் அதைத்தான் பார்ப்பார்.

வட்ஸ்அப் குழு கட்டாயம் வேண்டும், ஆனால் ஒரு எல்லையோடு. திகதிகளுக்கும் அறிவித்தலுக்கும் அது நல்லது. அங்கே யாரோ போட்ட திகதியை நம்பி நடக்காதீர்கள், எல்.எம்.எஸ்.ஸிலோ பல்கலைக்கழகத் தளத்திலோ நீங்களே பாருங்கள். "மாதிரிக்கு" என்று ஒருவர் தன் ஒப்படையைப் போடுவார், பத்துப் பேர் அதைச் சொல் மாறாமல் எழுதுவார்கள், பத்துப் பேருக்கும் பூச்சியம் விழும், போட்டவருக்கும் சேர்த்துத்தான். ஏ.ஐ.யிடம் எழுதி வாங்கி அப்படியே கொடுப்பதும் இதே கதைதான், தமிழில் இன்னும் சீக்கிரம் பிடிபடும், ஏனென்றால் அந்தத் தமிழை யாரும் எழுதுவதில்லை.

8. வெளியூர் வகுப்பும் பரீட்சையும்

தூரத்தை முதலில் மனதில் வையுங்கள். திருகோணமலையில் இருந்து அனுராதபுரம் நூறு கிலோமீற்றருக்குக் கொஞ்சம் மேலே, மட்டக்களப்பு ஏறக்குறைய 130, கண்டி 180 அளவில், கொழும்பு 260 அளவில். காலை எட்டரை மணி வகுப்புக்கு மட்டக்களப்பு போவதென்றால் இருட்டோடு புறப்பட வேண்டும். ஏ15 வீதியில் பாலங்கள் எல்லாம் வந்த பிறகு படகு, பாதை (வாகனங்களை ஏற்றிக் கடக்கிற மிதவை) என்ற தொல்லை இல்லை, ஆனால் மாரியில் வெருகல், வாகரைப் பக்கம் வெள்ளம் வந்தால் பஸ் நின்றுவிடும். மார்கழியில் பரீட்சை என்றால் முதல் நாளே போய்விடுங்கள்.

கொழும்புக்கு இரவு ரயிலில் போய் விடியக் கோட்டையில் இறங்கி நேரே பரீட்சை மண்டபத்துக்குப் போகிறவர்கள் உண்டு. வகுப்புக்கு என்றால் சரி. பரீட்சைக்கு அப்படிப் போகாதீர்கள். கல்ஓயாச் சந்தியில் ரயில் தாமதிக்கலாம், யானை மோதி நிற்கலாம், எதுவும் நடக்காவிட்டாலும் தூக்கமில்லாத மூளை மூன்று மணி நேரம் எழுதாது. எந்தப் பயணத்துக்கும் அன்று ரயில் ஓடுகிறதா என்று முதல் நாளே ஸ்டேஷனில் கேட்டுக்கொள்ளுங்கள். தங்குவதற்கு உறவுக்காரர் வீடு இருந்தால் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் அதே பரீட்சை எழுதுகிற மூன்று நாலு பேர் சேர்ந்து ஓர் அறை எடுங்கள், பெண்களுக்கு இதுதான் பாதுகாப்பும் சிக்கனமும். மண்டபத்தை முந்தின நாள் மாலை ஒரு தடவை போய்ப் பாருங்கள். ஓட்டோக்காரருக்கு "கெம்பஸ்" என்று சொன்னால் வேறு எங்காவது கொண்டுபோய் விடக்கூடும்.

பாடங்களைத் தெரிவு செய்யும்போதே பரீட்சை அட்டவணையும் வந்திருந்தால், இரண்டு பாடம் ஒரே நாள் ஒரே நேரம் விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால் அது உங்கள் பிரச்சினை, அவர்களுடையதல்ல. லீவை வாயால் கேட்காமல் அட்டவணையின் பிரதியை இணைத்து எழுத்தில் கேளுங்கள். பங்குனியில் கோணேசர் கோவில் திருவிழா, பத்திரகாளி அம்மன் திருவிழா என்று ஊரே லீவு கேட்கும், அந்தக் காலத்தில் பரீட்சை வந்தால் மற்றவர்களுக்கு முன்பு உங்கள் கடிதம் மேசையில் இருக்க வேண்டும்.

அன்று கையில் இருக்க வேண்டியவை: அனுமதி அட்டை, அடையாள அட்டை, இரண்டு பேனை, மணிக்கூடு. அனுமதி அட்டையை இணையத்தில் இறக்கச் சொன்னால் ஒரு கிழமைக்கு முன்பே இறக்கி, பாடக் குறியீடுகள் எல்லாம் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு பாடம் விடுபட்டிருந்தால் அன்று மண்டபத்தில் அழுது பயனில்லை, கிழமைக்கு முன்பென்றால் போன் எடுத்துச் சரிசெய்யலாம்.

சுகமில்லாமல் பரீட்சைக்குப் போக முடியாமல் போனால், அரச வைத்தியசாலையில் காட்டி மெடிக்கல் எடுத்து, கைநூலில் சொன்ன நாளுக்குள் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தனியார் கிளினிக் துண்டைப் பல இடங்களில் ஏற்பதில்லை. சுகமான பிறகு ஆறுதலாக எடுக்கலாம் என்று இருக்காதீர்கள்.

9. இடையில் நிறுத்த வேண்டி வந்தால்

பிள்ளைப்பேறு, இடமாற்றம், வீட்டில் ஒருவருக்கு நோய், ஏதாவது வரும். அப்படி வந்தால் சத்தம் போடாமல் விலகிவிடாதீர்கள். பாடத்தை விலக்கிக்கொள்ளும் திகதிக்கு முன் விலக்கினால் அது தோல்வியாகப் பதிவாகாது. ஒரு வருடம் ஒத்திவைக்க விண்ணப்பிக்கலாம். எந்தப் பாடமும் எடுக்காத வருடத்திலும் பதிவைப் புதுப்பிக்க வேண்டுமா என்று கேளுங்கள், சில இடங்களில் வேண்டும், விட்டால் முதலிலிருந்து தொடங்கச் சொல்வார்கள். தொடர் மதிப்பீட்டில் பெற்ற தகுதி அடுத்த வருடத்துக்குச் செல்லுமா என்பதையும் அதே மூச்சில் கேட்டுவிடுங்கள். பதில் எல்லாம் மின்னஞ்சலில் வாங்குங்கள். போனில் ஒருவர் சொன்னதை அடுத்த மாதம் இன்னொருவர் இல்லை என்பார்.

10. பெறுபேறு வந்த பிறகு

பெறுபேறு வந்த அன்றே மீள்பரிசீலனை விண்ணப்பத்துக்கு நாள் எண்ணத் தொடங்கிவிடும், அதற்கும் கட்டணம் உண்டு. ஒரு பாடத்தில் "வரவில்லை" என்று விழுந்திருந்தால் மீள்பரிசீலனைக்குக் காசு கட்டாதீர்கள், நீங்கள் பரீட்சை எழுதியதற்கு ஆதாரமாக அனுமதி அட்டையின் பிரதியை இணைத்துப் பரீட்சைப் பிரிவுக்கு எழுதுங்கள், பிழை அவர்கள் பக்கம் என்றால் சும்மாவே திருத்துவார்கள்.

கடைசிப் பாடமும் முடிந்ததும் பட்டமளிப்பு விழாவுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை, பட்டம் பூர்த்தியானதற்கான கடிதத்தையும் பாடவாரியான பெறுபேற்று அறிக்கையையும் விண்ணப்பித்து வாங்கலாம். அறிக்கையை எடுக்கும்போது மூன்று நாலு பிரதி சேர்த்தே எடுத்துவிடுங்கள். வேலைக்கு ஒன்று, மேற்படிப்புக்கு ஒன்று என்று ஒவ்வொன்றாகக் கேட்டால் ஒவ்வொரு தடவையும் திரும்பக் கட்டணம், திரும்பக் காத்திருப்பு.